பாலங்கள் கடந்து போகும் ஒரு மணித்தியாலம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருவர். ஆனால் இந்த உரை ஐந்து பேருடையது. நாங்கள் ஐவரும் இக்கல்லூரியின் பழைய மாணவிகள். வெவ்வேறு ஆண்டுகளில் படித்தோம். நால்வர் ஆசிரியைகள், ஒருவர் பாடசாலை அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். வேலை செய்வது மூதூர்ப் பக்கத்துப் பாடசாலைகளில். குடியிருப்பது திருகோணமலை நகரத்தில். ஒவ்வொரு நாளும் ஒரே காரில் போய் வருகிறோம். "தினசரிப் பயணத்தைப் பயனுள்ளதாக்குவது எப்படி என்று பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பயணத்தை எப்படிப் பாழாக்கலாம் என்பதைத்தான் முதல் ஒரு வருடம் நாங்கள் நன்றாகப் படித்திருந்தோம். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கள் பாதையை அறியாத தங்கைமார் இருப்பீர்கள். காலை ஆறே காலுக்கு நகரத்தை விட்டுப் புறப்படுவோம். சீனன்குடாவைத் தாண்டினால் கிண்ணியாப் பாலம். அதன் பின் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலங்கள். பிறகு மூதூர். கங்கை என்று நாங்கள் சொல்வது மகாவலி கடலோடு சேருமுன் ஓடும் கடைசித் தூரம். போக நாற்பது கிலோமீற்றர் அளவு, வர நாற்பது. மழை இல்லாவிட்டால், மாடுகள் வீதியில் படுத்திராவிட்டால், ஒரு மணித்தியாலம்.

இந்த ஒரு மணித்தியாலமே ஒரு வரப்பிரசாதம் என்பதை மூத்த அக்காமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்ரோபர் 20ஆம் திகதி. மற்றப் பாலங்கள் 2011இல் முடிந்தன. அதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் "பாதை"யைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இளையவர்களுக்காகச் சொல்கிறோம்: பாதை என்றால் அப்போது வீதி அல்ல, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து மூதூர் செல்லும் லோஞ்ச். வாடைக்காற்று மூண்டால் அதுவும் இல்லை.

எங்களுள் மூத்தவரின் தாயாரும் இக்கல்லூரியின் மாணவி. அவர் லோஞ்சில் போய்ப் படிப்பித்தவர். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கொப்பி திருத்துவாராம், அலை எழும் நாட்களில் பின்னல் வேலை செய்வாராம். ஏனென்றால் அலையில் எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றும், பின்னலுக்குக் கண் தேவையில்லை. "நேரத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசப்போகிறோம்" என்று அவரிடம் சொன்னபோது, "எங்களுக்குக் கடலைப் பார்க்கவும் நேரம் இருந்தது, பிள்ளை" என்றார். அந்த வார்த்தையின் பொருள் எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது.

பின்னல் என்றதும் கொட்டியாரத்துக்குரிய ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். 1660இல் புயலில் சேதமான கப்பலுடன் இந்தக் குடாவுக்குள் வந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தந்தையாருடன் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறையிருப்பு. அந்தக் காலத்தில் தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார், சிங்களம் பேசக் கற்றார், ஊரையும் வழக்கத்தையும் கவனித்தார். 1679இல் தப்பிப் போய், 1681இல் லண்டனில் அச்சிட்ட நூல் இன்றும் வரலாற்று மாணவர்களுக்குத் தேவைப்படுகிறது. எங்கள் பயணத்தை அவருடைய சிறையோடு ஒப்பிடவில்லை. எங்கள் காரில் இருந்து விரும்பினால் இறங்கலாம்! ஆனால், "இந்த நேரம் என்னுடையதல்ல, போனால் போகட்டும்" என்று நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் தொப்பிகள் நினைவுக்கு வரும்.

நாங்கள் ஒன்றுசேர்ந்த காரணம் கல்வி அல்ல, பெற்றோல். 2022இல் எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாக வரிசை நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓகஸ்டில் கியூஆர் அட்டை முறை நாடு முழுவதும் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். எங்கள் சிறிய கார் ஒரு லீற்றரில் 15 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். ஐந்து நாளுக்கு 400 கிலோமீற்றர் ஓட 27 லீற்றர் வேண்டும். ஒருவர் தனியாக ஓடினால் வியாழக்கிழமை நின்றுவிடும். எங்கள் ஐவரில் மூவரிடம் கார் இருந்தது. முறைவைத்து ஓடினால் ஒவ்வொரு காருக்கும் வாரம் ஒன்பது லீற்றர் போதும். மற்ற இருவரும் தேய்மானத்துக்கும் ரயருக்கும் மாதாமாதம் பங்கு போடுவதென்று முடிவானது. கணித ஆசிரியை ஒரு சிட்டையின் பின்புறத்தில் போட்ட கணக்கு இது. 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்றது. எங்கள் ஒரே கார் நிற்கவில்லை.

அடுத்த கணக்கையும் அவரே போட்டார். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், வருடத்தில் 200 நாள் என்றால் 400 மணித்தியாலம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் ஐம்பது நாள். அதைக் கேட்டதும் எங்களுக்கு ஆசை பிடித்துவிட்டது. வருடத்தில் ஐம்பது நாளை யன்னலுக்கு வெளியே வீசுவதா? உடனே ஓர் அட்டவணை போட்டோம். பாடசாலை அட்டவணை போலவே, பாலத்துக்குப் பாலம் ஒரு பாடம்!

நல்லபடி நடந்தவற்றை முதலில் சொல்கிறோம்.

முதலாவது சிங்களம். 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். எங்கள் முகாமைத்துவ உதவியாளர் தங்கைக்கு அந்தப் பரீட்சை தலைக்கு மேல் நின்றது. எங்களுள் ஒருவர் கந்தளாயில் வளர்ந்தவர், சிங்களம் சரளமாகப் பேசுவார். கிண்ணியாப் பாலம் வரை சிங்களத்தில் மட்டும் கதைப்பது என்று வைத்தோம். முதல் மாதம் கார் மிகவும் அமைதியாக இருந்தது! பிறகு மெதுவாக வாய் திறந்தது. தங்கை வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தார். எழுத்துப் பரீட்சையில் முதல் முறை சித்தியடையவில்லை. காதால் படித்தது வாய்க்கு வந்ததே தவிர கைக்கு வரவில்லை. பிறகு வீட்டில் மேசையில் இருந்து ஆறு மாதம் எழுதிப் பழகித்தான் அதையும் முடித்தார். ஆகவே ஒன்றைச் சொல்லி வைக்கிறோம்: பேச்சு, உச்சரிப்பு, மனனம், விளக்கம் ஆகியவற்றுக்குக் கார் நல்ல வகுப்பறை. எழுத்துக்கும் கணக்குச் செய்கைக்கும் மேசைதான் வேண்டும்.

இரண்டாவது, அன்றைய பாடத்தைப் பேசிப் பார்ப்பது. கணித ஆசிரியை தான் படிப்பிக்கப் போவதைக் கணிதம் என்றால் ஒதுங்கி ஓடும் எங்களிடம் முதலில் சொல்வார். ஒருநாள் நூற்றுவீதம். "1000 ரூபாய்ச் சேலையின் விலையை 25 வீதம் குறைத்து, பிறகு 25 வீதம் கூட்டினால் என்ன விலை?" தமிழ் ஆசிரியை "ஆயிரம்தானே" என்றார். இல்லை, 937 ரூபாய் 50 சதம். உப்பாற்றில் தொடங்கிய வாக்குவாதம் கங்கைப் பாலம் வரை போனது. கடைசியில், "குறைத்தது ஆயிரத்தில் கால்வாசி, கூட்டியது 750இல் கால்வாசி, இரண்டு கால்வாசியும் ஒன்றல்ல" என்று தமிழ் ஆசிரியையே தன் சொல்லில் சொன்னார். அன்று வகுப்பில் அந்த வசனத்தைத்தான் கணித ஆசிரியை பயன்படுத்தினார். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது காரிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, ஒலிப்பதிவு. பாடசாலைக்கு முன்னுள்ள மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டால், அதைவிட அமைதியான அறை எங்கள் யாருக்கும் வீட்டில் இல்லை. தமிழ் ஆசிரியை பாடப்பகுதிகளைப் பத்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். தகப்பனார் கடலுக்கோ வயலுக்கோ போய்த் திரும்பிய பின் இரவில்தான் தொலைபேசி பிள்ளையின் கைக்கு வரும். சிம்னி விளக்கில் படித்த தலைமுறை இருந்தது. இன்று ஒரு தொலைபேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து கேட்பதாகத் தாய்மார் சொல்கிறார்கள்.

இனி எங்கள் பிழைகள்.

ஒருநாள் பின்னேரம் எங்களுள் மூத்தவர் காரை ஓட்டினார். முதல் நாள் இரவு விடைத்தாள் திருத்தி நித்திரை குறைவு. காரில் விஞ்ஞான ஆசிரியை ஒரு நீண்ட உரையை ஒலிக்க விட்டிருந்தார். எல்லோரும் உரையைக் கவனித்தோம், ஓட்டுபவரை யாரும் கவனிக்கவில்லை. ஒரு கணம் அவர் கண் மூடியது. கண் திறந்தபோது முன்னால் மாடுகள். பிரேக் பிடித்தது, கார் வீதியின் ஓரத்தில் இறங்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குச் சில விதிகள். நித்திரை குறைந்தவர் ஓட்டக்கூடாது, அதைச் சொல்வதில் வெட்கமும் கூடாது. ஓட்டுபவர் பாடத்தில் சேரமாட்டார், கேள்வி கேட்டாலும் பதில் சொல்லத் தேவையில்லை. அவருடைய தொலைபேசி பின்சீற்றில் இருப்பவரின் கையில் இருக்கும். கிண்ணியாக் கடைத்தெருவிலும், பாடசாலை வாசல்களிலும், மழையிலும் காருக்குள் சத்தம் இல்லை. தனியாக ஓட்டும் சகோதரிகள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். காது ஒன்றில் ஆழ்ந்தால் கண் பார்ப்பதை மனம் எடுத்துக்கொள்ளாது. தெரிந்த பாட்டு, கேட்டுப் பழகிய உரை போன்ற இலகுவானவை போதும். புதிதாகப் படிக்கவேண்டியதை நிறுத்தி வைத்த காரில் கேளுங்கள்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. எங்களுள் இளையவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. நாலரை மணிக்கு எழுந்து சமைத்து, நித்திரையில் கிடக்கும் பிள்ளையைத் தாயாரிடம் விட்டு வருவார். காரில் பின்சீற்றின் இடப்பக்க மூலைதான் அவருடைய இடம். நாங்கள் சிங்களமும் நூற்றுவீதமும் பேசிக்கொண்டு போனோம். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்திருக்கிறார். ஒரு நாளல்ல, ஒரு தவணை முழுவதும். எங்களுக்குத் தெரியவில்லை. முழங்கால் முட்டும் தூரத்தில் இருந்தும் தெரியவில்லை. வேலையை விடுவதாக எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தார். ஒருநாள் கங்கைப் பாலத்தில் அதை எடுத்து, "அக்கா, இதில் எழுத்துப் பிழை இருக்குமா பாருங்கோ" என்று தமிழ் ஆசிரியையிடம் நீட்டினார்.

அன்று காரைப் பாலம் கடந்ததும் ஓரமாக நிறுத்தினோம். அட்டவணை அன்றோடு கிழிந்தது. லோஞ்சில் போன அந்த அம்மா சொன்னது அப்போதுதான் விளங்கியது. ஐம்பது நாளைச் சேமிக்கிறோம் என்று கணக்குப் போட்ட நாங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

புதிய ஒழுங்கு எளிமையானது. காலையில் கிண்ணியாப் பாலம் வரை மட்டும் படிப்பு. அதன் பின் அன்றைய வேலையைப் பற்றிச் சிறிது பேச்சு. திரும்பி வரும்போது கங்கையிலிருந்து கிண்ணியா வரை ஒருவருடைய முறை. அவர் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், நித்திரை கொள்ளலாம். மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது, கேட்டால் மட்டும் சொல்லலாம். கிண்ணியாவிலிருந்து வீடு வரை யாருக்கும் எந்தக் கடமையும் இல்லை.

இளைய தங்கை கடிதத்தைக் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் எங்களோடு வந்தார். பிறகு முறைப்படி விண்ணப்பித்து, இடமாற்றம் கிடைத்து நகரப் பாடசாலை ஒன்றுக்கு வந்துவிட்டார். அவர் போன பின் அங்கே அந்த வகுப்புக்கு ஒரு தவணை முழுவதும் ஆசிரியை இல்லை. "எங்கட ரீச்சர் வரமாட்டாவா?" என்று தாய்மார் எங்களிடம் கேட்டபோது சொல்ல வார்த்தை இருக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பிள்ளைகளையும் மறக்க முடியாது. தூரப் பாடசாலையின் நிலை அது. ஓர் ஆசிரியை அந்த வீதியில் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பார் என்பதில் ஒரு வகுப்பின் படிப்பு தங்கியிருக்கிறது. பயண நேரத்தை நல்லபடி வைத்துக்கொள்வது எங்கள் வசதிக்காக மட்டும் அல்ல என்று நாங்கள் சொல்வதும் அதனால்தான். களைத்து வெறுத்துப் போய் இறங்கும் ஆசிரியையிடம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அந்தக் களைப்பும் வெறுப்பும்தான். அவருடைய இடத்தில் இன்று வேறொரு தங்கை வருகிறார். அவரும் நம் கல்லூரிதான். ஆகவே இப்போதும் ஐவர்.

கிண்ணியாவைக் கடக்கும்போது ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஒரு திகதி நினைவுக்கு வரும். 2021 நவம்பர் 23. புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில், தற்காலிகமாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, காலையில் பள்ளிக்கூடம் புறப்பட்ட சிறுவர்களும் உயிரிழந்தார்கள். சில நிமிடக் கடவை அது. எங்கள் ஒரு மணித்தியாலத்தை நீளம் என்று அலுத்துக்கொள்ளும் நாளில் அந்தப் பிள்ளைகளை நினைப்போம். இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதே பெரிய காரியமாக இருந்த காலம் முற்றாக முடிந்துவிடவில்லை.

அன்பான சகோதரிகளே, உங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் எங்களைவிட நீண்ட நேரம் காரில் இருக்கிறீர்கள். கொழும்பில் இருப்பவர்கள் பத்துக் கிலோமீற்றரையே ஒரு மணித்தியாலமாக ஓட்டுகிறீர்கள். உங்களுக்கு எங்கள் யோசனைகள் மூன்று. உங்கள் வீதியில் போகும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது. போகும் நேரத்தில் சிறிது படியுங்கள், வரும் நேரத்தை மனம் ஆற விடுங்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபின் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு இறங்குங்கள். அலுவலகத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாமல் இருக்க அந்த இரண்டு நிமிடம் உதவும்.

அத்துடன் ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போய்ச் சேர்ந்து காரை நிறுத்தியதும், பத்து நிமிடம் உங்கள் தொழிலைப் பற்றித் தமிழில் பேசிப் பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அதற்கு என்ன படித்தீர்கள், எந்த இடத்தில் தோற்றீர்கள் என்று சொன்னால் போதும். ரொறன்ரோவில் கோடைகாலக் காலை ஏழரை என்றால் இங்கே மாலை ஐந்து மணி. அன்றிரவே அது ஒரு பிள்ளையின் காதுக்குப் போய்விடும். மூதூர்ப் பக்கத்தில் சாதாரண தரம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, இந்த ஊரில் பிறந்த ஒருவர் பொறியியலாளராகவும் தாதியாகவும் கணக்காளராகவும் இருக்கிறார் என்பதை அவருடைய குரலிலேயே கேட்பது பெரிய விடயம். லோஞ்சில் போன அக்காமாரும் தங்கள் கதையைச் சொல்லவேண்டும். அந்தக் கடவைகளை நினைவில் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள்.

 நாளை திங்கட்கிழமை. ஆறே காலுக்குக் கார் புறப்படும். நாளைக்கு ஓட்டவேண்டியவர் இவ்வுரையை வாசித்தவர்தான். ஆகவே இரவு விருந்தில் அவரை அதிக நேரம் மறித்து வைக்காதீர்கள்.